‘தக்கன பிழைக்கும்’ என்னும் தொடர் – ஒரு திறனாய்வு

ஒரு துறையின் கருத்துக்களை நாட்டிலே பரப்புவன பெரும்பாலும் அத்துறையின் நூல்கள் அல்ல. அந்நூல்களிலிருந்து பிரிந்து மக்கள் நாவில் வழங்கும் ஒருசில தொடர்களே. உயிரியலை ஒருநாளும் கல்லாதவரும் டார்வினின் கொள்கை இன்னதெனக் கூறத் தயங்குவதில்லை. ‘தக்கன பிழைக்கும், தகாதன அழியும்’ என்பது அவர் கூறும் விடை. மேடையேறிப் பேசுவோர் அதனை ‘வல்லவன் வாழ்வான்’ என மேலுஞ் சுருக்குவர். வணிகப் போட்டிக்கும் நாடுகளின் போருக்கும் சோதனையிற் சித்தியடையாத மாணவனின் நிலைக்கும் இத்தொடரே விளக்கமாக அமைகின்றது. இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் ஒரு தொடர் தன் மூலக் கருத்தைச் செம்மையாக உணர்த்துகின்றதா என ஆராய்தல் திறனாய்வாளர் கடன். சொல் பிழைபடின் கருத்துப் பிழைபடும். இக்கருத்துப் பிழைபடின் சில குடும்பங்களின் வாழ்வும் பிழைபடும். இது மிகைக் கூற்றன்று என்பது பின்னர் விளங்கும்.

மட்டக்களப்பு நாட்டினர்க்கு இத்தகைய சொல்லாராய்ச்சி புதியதன்று. காரைதீவிலே 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள் தமிழ்ப் புலமையோடு விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பின்னர் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளின் பயனாக ஈழத்து மாணவர்க்குக் கூர்ப்பு, பரம்பரையலகு, விகாரம், இயற்கைத் தேர்வு முதலிய சொற்கள் கைவந்தன. அவ்வாறு கிடைத்த செல்வத்தைப் பேணுவோர், அதிலுள்ள நாணயங்களை இடையிடையே உரைத்துப் பார்த்தலும் வேண்டும்.

முதற்கண் தொடரின் பிறப்பைக் காணலாம். சாள்ஸ் டார்வின் தம் நூலை 1859இல் வெளியிட்டபோது இத்தொடர் அதில் இல்லை. ஹேபேட் ஸ்பென்சர் என்னும் தத்துவ ஆசிரியரே 1864இல் இதனை ஆக்கினார். ‘இயற்கைத் தேர்வு’ என்பது இயற்கையை அறிவுடைய ஓர் ஆளாகக் காட்டுகின்றது, தேர்ந்தெடுப்பவர் ஒருவர் உளர் என்னும் மயக்கத்தைத் தருகின்றது என வருந்திய அல்பிரட் ரசல் வொலஸ், ஸ்பென்சரின் தொடரை ஏற்குமாறு 1866இல் டார்வினுக்குக் கடிதம் எழுதினார். 1869இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலே டார்வின் அதனைத் தம் சொல்லுடன் சேர்த்துக்கொண்டார். ஆகவே ஒரு மயக்கத்தைப் போக்கவந்த மருந்தாகவே இத்தொடர் நூலுட் புகுந்தது. ஆனால் மருந்தே வேறொரு நோயை விளைத்தது.

அந்நோய் தமிழிற் பிறிதொரு வடிவம் எடுத்தது. ‘தகு’ என்னும் அடி பொருந்துதல், இயைதல் என்னும் பொருளுடையது. காலுக்குத் தக்க செருப்பு, ஊருக்குத் தக்க பேச்சு என்னும் வழக்குக்களில் அப்பொருளே நிற்கின்றது. ஆயினும் அவ்வடியிற் பிறந்த ‘தகுதி’, ‘தக்கார்’, ‘தகவு’ என்பனவெல்லாம் மேன்மையையும் ஒழுக்கத்தையும் குறிக்கும் சொற்களாக உயர்ந்துவிட்டன. ஆதலின் ‘தக்கன பிழைக்கும்’ எனக் கேட்ட தமிழன், இயைந்தது எஞ்சும் என உணராது, மேன்மையானது எஞ்சும் என உணர்கின்றான். ‘தேர்வு’ என்னும் சொல்லுக்கும் இக்கதியே நேர்ந்தது. தமிழகத்திலே அது பரீட்சையையும் குறிக்கும். எனவே இயற்கை புள்ளி வழங்கும் பரீட்சகனாகின்றது. ‘கூர்ப்பு’ என்பதோ பழஞ்சொல். உள்ளது மிகுதல் என்னும் பொருளிலே தொல்காப்பிய உரியியலில் இடம்பெறுவது. அச்சொல்லும் உயிர்கள் நாளுக்கு நாள் சிறந்து கூர்மையடைகின்றன என்னும் குறிப்பைத் தருகின்றது. இருட்குகையில் வாழும் மீன்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணை இழந்தமையும் கூர்ப்பே என்பதை அக்குறிப்பு மறைத்துவிடுகின்றது.

இனி, ‘பிழைத்தல்’ என்னும் சொல்லும் முழுப்பொருள் தருவதன்று. நூறாண்டு உயிரோடிருந்து மகவின்றி மறையும் உயிரி, இயற்கைத் தேர்வின் கணக்கில் எதையும் விட்டுச் செல்வதில்லை. முப்பது நாள் வாழ்ந்து முந்நூறு முட்டையிடும் நுளம்பு அக்கணக்கிற் பெருஞ்செல்வம் உடையது. தன் உயிர் தங்குவதன்று, தன் பண்பு வழித்தோன்றல்களிற் பெருகுவதே இங்கு அளவுகோல். எனினும் இச்சொல்லில் எதிர்பாராத ஒரு நயமும் உண்டு. தமிழிற் ‘பிழைத்தல்’ என்பது தவறுதலையும் குறிக்கும். பரம்பரையலகு படியெடுக்கப்படும்போது நேரும் தவறே விகாரம். அத்தவறுகள் இன்றேல் புதுப் பண்பு எதுவும் தோன்றாது. பிழைத்தவற்றுட் சிலவே பிழைக்கின்றன எனின் அஃது உயிரியலுக்கு முற்றும் ஒத்த கூற்றாகும்.

தொடரின் தலையாய குறை யாதெனின், தக்கது ‘எதற்குத்’ தக்கது என்பதை அது கூறாது விடுத்தமையே. இக்குறையை அளப்பதற்குத் தமிழிலேயே ஓர் அளவுகோல் உண்டு. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பெற்றுள்ளன. வலிமையைக் கூறிய ஆசிரியர் அவ்வளவில் அமையவில்லை. பகலிலே காக்கை கூகையை வெல்லும் என்பதும், ஆழ்நீரில் எதிரற்ற முதலை கரையேறின் பிறவற்றுக்கு எளிதாகும் என்பதும் அடுத்துவரும் இரண்டு அதிகாரங்களின் உவமைகள். வள்ளுவர் டார்வினை முன்னுணர்ந்தார் எனக் கூறுதல் இருவர்க்கும் நீதியன்று. அவர் அரசனுக்கு அறிவுரை கூறினார், உயிர்களின் தோற்றத்தை ஆராயவில்லை. ஆயினும் வலிமை என்பது காலத்தாலும் இடத்தாலும் அளக்கப்படுவது என்னும் உணர்வு தமிழ் மாணவனுக்கு அந்நியமன்று என்பதற்கு இவ்வமைப்பே சான்று. ‘வல்லவன் வாழ்வான்’ என்போர் முதலாம் அதிகாரத்தோடு நூலை மூடிவிட்டவர் ஆவர்.

இடத்தின் செய்தியை மட்டக்களப்பு வாவியே கற்பிக்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துநின்று, பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்தின் வழியாகவும் தெற்கே கல்லாற்றின் வழியாகவும் கடலோடு கலக்கின்றது. வடகீழ்ப் பருவமழை பெய்யுங்கால் ஆறுகளின் நன்னீர் நிறைந்து முகத்துவாரம் உடையும். கோடையில் மணற்றிட்டு வாயை அடைக்கும். எனவே ஒரே நீர்நிலை ஓராண்டினுள்ளே நன்னீர்க்கு அணித்தாகவும் கடல்நீர்க்கு அணித்தாகவும் மாறிமாறி நிற்கும். இங்கு வாழும் உயிரிக்கு உவர்ப்பைத் தாங்கும் ஆற்றல் நன்மையா, வீண்செலவா என்பதை மாதமும் கரையும் நோக்கியே கூற முடியும்.

இவ்விடத்திலே நிகழ்ந்த ஒரு கண்டறிதல் ஈண்டுக் கருதத்தக்கது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய தலையாய நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் என்பதாகும். அது தெளிந்த நன்னீரில், சிறப்பாக வரட்சியின்போது ஆற்றுப் படுகையிலே தேங்கும் குட்டைகளில், முட்டையிடுவது என்பதே நெடுங்காலக் கொள்கை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை தாக்கிய மட்டக்களப்பு நகரின் அயலிலே, உவர்நீர்க் குட்டையொன்றில் இந்நுளம்பின் குடம்பிகள் வளர்கின்றன என்னும் ஆய்வு 2010இல் வெளியாயிற்று. ஆயிரம் பங்கு நீரில் நான்கு பங்குவரை உப்புள்ள நீரிலும் அவை காணப்பட்டன; கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 35 பங்காகும். அடுத்த ஆண்டிலே, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் இரண்டும் கரையோரத்திற் கைவிடப்பட்ட தோணிகள், பாவனையற்ற கிணறுகள், எறியப்பட்ட போத்தல்கள் ஆகியவற்றில் 15 பங்குவரை உப்புள்ள நீரில் வளர்வதை இலங்கை ஆய்வாளர் அறிவித்தனர். நன்னீரையே நோக்கி அமைந்த நுளம்பு ஒழிப்பு முறைகள் உவர்நீரைக் கவனியாது விட்டன. எங்கே பகைவன் வாரானோ அங்கே தங்கக்கூடியது பெருக வாய்ப்புண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். உவர்நீரில் ஒரு குடம்பியைக் கண்டமை மட்டும் இயற்கைத் தேர்வுக்குச் சான்றாகாது. வெயிலில் நின்றவன் உடல் கறுப்பதுபோல, தனியுயிரி தன் வாழ்நாளினுள்ளே பழகிக்கொள்ளும் ஆற்றலும் உண்டு. அப்பழக்கம் பிள்ளைக்குச் செல்வதில்லை. அவ்வேறுபாடு மரபுவழிச் செல்வது என்று காட்டினாலன்றித் தேர்வு நிகழ்ந்தது எனக் கூறலாகாது. இதனாலேயே யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆய்வு தொடர்ந்தது. உவர்நீரில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த ஈடிஸ் குடம்பிகளின் புறத்தோலின் அமைப்பு நன்னீர்க் குடம்பிகளினதிலிருந்து வேறுபடுதலைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. காண்டலுக்கும் நிறுவலுக்கும் இடையிலுள்ள இத்தூரத்தை ‘தக்கன பிழைக்கும்’ என்னும் தொடர் ஒரே எட்டிற் கடந்துவிடுகின்றது. எஞ்சியிருப்பதைக் காட்டி, இது தக்கது, ஆகவே எஞ்சியது என்பதும், எஞ்சியது, ஆகவே தக்கது என்பதும் வட்டவாதம். இன்ன சூழலில், இன்ன பண்பு, இன்ன காரணத்தால் மிகுந்த வழித்தோன்றலைத் தந்தது எனக் காட்டும்போதே அது விஞ்ஞானமாகின்றது.

காலத்தின் செய்தியை அதே நுளம்பு வேறொரு வகையிற் கற்பிக்கின்றது. 1934–35இல் இலங்கையிற் பரவிய பெருங்கொள்ளை மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1946இலிருந்து வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரீ. தெளிக்கப்படவே நோய் விரைந்து தாழ்ந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டியதென எண்ணித் தெளித்தல் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டிலேயே டி.டி.ரீ.யைத் தாங்கும் நுளம்புகளும் அறியப்பட்டன. பின்னர் மலத்தியன் என்னும் வேறொரு நஞ்சை நாடவேண்டியதாயிற்று. நோய் மீண்டமைக்குத் தளர்ச்சியே முதற்காரணம் எனினும், தாங்குதிறன் தோன்றியமை இயற்கைத் தேர்வின் செவ்விய எடுத்துக்காட்டாகும்.

நஞ்சைத் தாங்கும் அப்பண்பை டி.டி.ரீ. உண்டாக்கவில்லை. கோடிக்கணக்கான நுளம்புகளிற் சிலவற்றிடம் அத்தகைய விகாரம் தற்செயலாக அமைந்திருத்தல் கூடும். நஞ்சு தெளிக்கப்படாத நாளில் அதனாற் பயனில்லை, உடலின் வழமையான தொழிலுக்கு அஃது இடையூறாகவும் இருக்கலாம். தெளித்த அன்று பயனற்றது உயிர் காக்கும் செல்வமாயிற்று. தெளித்தலை நிறுத்தின் மறுபடியும் கணக்கு மாறும். மலேரியாக் கிருமியினிடத்தே இம்மாற்றம் நன்கு நிறுவப்பட்டுள்ளது. ஆபிரிக்காவின் மலாவி நாட்டிற் குளோரோகுயின் மருந்தைத் தாங்கும் கிருமிகள் பரவியமையால் 1993இல் அம்மருந்தின் பாவனை கைவிடப்பட்டது. பத்தாண்டு கழியுமுன்னரே, மருந்துக்கு ஆளாகும் பழைய கிருமிவகை மீண்டும் பெருகிற்று. மருந்து இருந்தபோது வல்லதாயிருந்தது, மருந்து நீங்கியபின் மெலியதாயிற்று. கூகையும் காக்கையும் இடம்மாறின என்க.

நுளம்பிலும் கிருமியிலும் விளங்கிய இவ்வுண்மை மனிதரின் குருதியிலும் எழுதப்பட்டுள்ளது. குருதியின் ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகிற் குறைபாடு நேர்வதால் வரும் நோய் தலசீமியா. குறைபாடுள்ள அலகு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருப்பின் பிள்ளை நலமாகவே வாழும்; அவரைக் ‘காவி’ என வழங்குவர். இருவரிடமிருந்தும் வந்திருப்பின் கடுஞ்சோகை உண்டாகி, வாழ்நாள் முழுவதும் குருதியேற்றம் வேண்டியதாகும். இத்துணைத் தீய அலகு மத்தியதரைக் கடல்நாடுகளில் ஏன் அரிதாகவில்லை என்னும் வினாவுக்கு, ஜே. பி. எஸ். ஹால்டேன் 1949இல் ஒரு விடை கூறினார்: காவிகள் மலேரியாவை எதிர்த்து நிற்பதிற் சிறந்தவராதல் கூடும். பின்னர் 1957இல் இந்தியாவிற் குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த பேரறிஞர் இவர். அவர் கருத்து முதலில் நன்கு நிறுவப்பட்டது தலசீமியாவிலன்று, அதற்கு உறவான அரிவாட்கல நோயிலேயே. 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடத்தும் அறியப்பட்ட அந்நோயின் காவிகள் மலேரியாவினின்று காக்கப்படுகின்றனர் என்பதை அந்தனி அலிசன் 1954இல் ஆபிரிக்கச் சான்றுகளாற் காட்டினார்.

ஆகவே ஒரே அலகு ஒருவனைக் காக்கின்றது, மற்றொருவனை வருத்துகின்றது. இருபுறமும் சமன்பட்டு நிற்கும் துலாக்கோலைப்போல, மலேரியாவால் இழக்கப்படும் உயிர்களும் சோகையால் இழக்கப்படும் உயிர்களும் ஈடுபட்டு அவ்வலகை ஒரு குறித்த அளவில் நிறுத்துகின்றன. இஃது ‘அழியவேண்டிய’ பண்பும் அன்று, ‘வெல்லவேண்டிய’ பண்பும் அன்று. தக்கன, தகாதன எனப் பண்புகளை இரு குவியலாக்கும் தொடர் இங்கு வாய்மூடி நிற்கின்றது.

இலங்கையின் நிலை இவ்வாராய்ச்சிக்கு இறுதி உரைகல்லாகும். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி இந்நாட்டவரிற் சராசரியாக நூற்றுக்கு இருவர் அளவில் பீற்றா தலசீமியாக் காவிகள் ஆவர். மாவட்டத்துக்கு மாவட்டம் இவ்வளவு வேறுபடும். நாட்டினுள்ளே தொற்றிய மலேரியாவின் இறுதி நோயாளர் 2012 ஒக்ரோபரிற் காணப்பட்டார். 2016 செத்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கை மலேரியா நீங்கிய நாடெனச் சான்றளித்தது. காவியின் நன்மை அன்றோடு இந்நாட்டில் நீங்கிற்று. நோயின் தீமை நீங்கவில்லை. மூதாதையைக் காத்த கேடயம் பேரப்பிள்ளைக்குச் சுமையாகியது. அலகு மாறவில்லை, காலமே மாறிற்று.

அவ்வாறாயின், நன்மை நீங்கிய அத்தீய அலகை இயற்கைத் தேர்வு இனி விரைவில் ஒழித்துவிடாதா? ‘தகாதன அழியும்’ என்பதை நம்புவோர் ஆம் என்பர். எளிய கணக்கொன்று இல்லை என்கின்றது. பத்தாயிரம் பேர் உள்ள ஒரு குடித்தொகையைக் கொள்க. ஒருவருக்கு இரண்டாக அவ்வலகின் இடங்கள் 20,000. அவற்றுள் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 200, குறைபாடுடையன என்க. கலப்பு மணம் தற்செயலாக நிகழின், இரண்டு குறைபாட்டையும் ஒருங்கே பெற்று நோயுறுபவர் ஒருவரே. அவரிடம் உள்ளவை இரண்டு. எஞ்சிய 198 அலகுகளும் நலமாயுள்ள 198 காவிகளிடம் மறைந்து கிடக்கும். நோயாளர் எவரும் மகப்பேறடையாது மறையினும் தேர்வுக்குப் புலப்படுவன 200இல் இரண்டே. இவ்வீதத்தில் அவ்வலகு பாதியாகக் குறைவதற்கு நூறு தலைமுறை செல்லும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு எனின் 2,500 ஆண்டு. சங்கச் சான்றோர் பாடிய காலந்தொட்டு இன்றுவரை கழிந்த காலத்துக்கு ஏறக்குறைய ஒப்பானது.

நன்மையான பண்பும் எளிதில் வென்றுவிடுவதில்லை. புதிதாகத் தோன்றிய நல்ல விகாரம் ஒன்று, அதனையுடைய உயிரிக்கு நூற்றில் ஒரு பங்கு மிகுந்த வழித்தோன்றலைத் தருவதாயினும், குடித்தொகை முழுவதும் பரவும் வாய்ப்பு நூற்றில் ஏறத்தாழ இரண்டே என ஹால்டேன் 1927இற் கணக்கிட்டார். எஞ்சிய தொண்ணூற்றெட்டு முறையும் அது தற்செயலால் மறைந்துபோகும். நல்ல நெல்மணியும் கற்பாறையில் விழக்கூடும் அன்றோ? மேலும், நன்மையும் தீமையுமற்ற மாற்றங்கள் பல குருட்டுவாக்கிலேயே பரவுகின்றன என்பதை மோட்டூ கிமுரா 1968இல் வலியுறுத்தினார். பிழைத்தன எல்லாம் தக்கன அல்ல. தக்கன எல்லாம் பிழைப்பனவும் அல்ல.

இக்கணக்கை அறியாமையால் உலகம் கொடுத்த விலை பெரிது. ‘தகாதவரை’ மகப்பேறின்றிச் செய்து இனத்தைத் தூய்மையாக்கலாம் என்னும் கொள்கை அமெரிக்காவில் 1927இல் உயர்நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. செருமனியில் 1933இற் சட்டமாகி ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்களை மலடாக்கியது. அறத்தாற் கொடிய அக்கொள்கை கணக்காலும் பொய்யானது. மறைந்து கிடக்கும் 198ஐ அது தீண்டவேயில்லை.

அத்துணைக் கொடுமை இந்நாட்டில் நிகழவில்லை எனினும் அதன் சிறுநிழல் இங்கும் உண்டு. நோயுற்ற பிள்ளையைப் பெற்ற தாயின் குடும்பத்தை ‘இரத்தம் கெட்ட குடி’ எனப் பழித்தல், அவ்வீட்டுப் பெண்ணின் சம்பந்தப் பேச்சைத் தடுத்தல், அதற்கு அஞ்சிக் குருதிப் பரிசோதனையையே மறைத்தல் என்பன அந்நிழல்கள். தாய்வழிக் குடிமுறை நிலவும் மட்டக்களப்பில் இப்பழி தாயின் குடிமீதே விழுவது எளிது. ஆனால் நோயுற்ற பிள்ளைக்குக் குறைபாட்டு அலகு இரு பக்கத்தாலும் வந்தது என்பதை உயிரியல் ஐயமின்றிக் கூறும். ஒரே குடிக்குள் மணம் விலக்கப்படினும், தாய்மாமன் மகளாகிய மச்சாள் வேறு குடியினள் ஆதலின் அம்மணம் உரிமையாகக் கருதப்படும். குடி வேறாயினும் பாட்டன் பாட்டி ஒருவரே. மேற்காட்டிய கணக்கின்படி, முதன்முறை மச்சான் மச்சாளிடையே நிகழும் மணங்களில் நோயுறும் பிள்ளைகள் பத்தாயிரத்துக்கு ஒன்றாக இராது ஏழளவில் இருக்கும். இதுவும் எவர் குற்றமும் அன்று. மறைந்து கிடந்தது வெளிப்படும் வாய்ப்பு மிகுந்தமையே காரணம். மணத்துக்கு முன் இருவரும் குருதியைச் சோதித்தறிதல் இதற்குத் தக்க வழி. இருவரும் காவிகளாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வருதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு; ஒருவர் மட்டும் காவியாயின் இந்நோய்க்கு அஞ்சவேண்டியதில்லை. ஆகவே காவி மணத்துக்குத் தகாதவர் அல்லர். அவர் தம் நிலையை அறிந்திருக்கவேண்டியவர், அவ்வளவே.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். எல்லாப் பண்பும் இடத்தாலும் காலத்தாலும் நல்லனவும் தீயனவும் ஆகுமெனின், தலசீமியா நோய் தீதன்று என்பதாகுமோ? ஆகாது. இயற்கைத் தேர்வின் நன்மை தீமை வழித்தோன்றலின் எண்ணிக்கையைப் பற்றியது. மருத்துவத்தின் நன்மை தீமை துன்பத்தைப் பற்றியது. அறத்தின் நன்மை தீமை செயலைப் பற்றியது. மூன்றுக்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குவதால் மூன்றும் ஒன்றாகிவிடா. மாதந்தோறும் குருதியேற்றப்பெறும் குழந்தையின் துன்பம் எவ்விடத்தும் துன்பமே. அத்துன்பத்தைத் தீர்ப்பது இயற்கைக்கு மாறானது என்பாரும் உளர். நுளம்புக்கு நஞ்சு தெளித்தலும், கிணற்றை மூடுதலும், குருதி கொடுத்தலும் மனிதன் தன் சூழலை மாற்றும் செயல்களே. சூழல் மாறின் தக்கதும் மாறும் என்பதே டார்வினின் பாடமாதலின், அச்செயல்கள் அப்பாடத்துக்கு முரணாகா.

தொடருக்கு நீதி வழங்குதலும் வேண்டும். சுருக்கமும் ஓசையும் உடைமையால் அது மாணவர் நெஞ்சில் எளிதிற் பதிகின்றது. ‘தகு’ என்பதன் பழைய பொருளை மீட்டுணர்வார்க்கு அது பெரிதும் பிழையானதும் அன்று. அதனை நூல்களிலிருந்து அகற்றல் இனி இயலாது. விளக்கமின்றி விடுதலும் கூடாது. வாவியில் வீசப்படும் வலையை ஆசிரியர் உவமையாகக் கொள்ளலாம். எம்மீன் அகப்படும், எம்மீன் தப்பும் என்பதை மீனின் பருமனும் வலைக்கண்ணின் அளவும் சேர்ந்தே துணிகின்றன. தப்பிய மீன் உயர்ந்ததன்று, அகப்பட்டது தாழ்ந்ததுமன்று. வலைக்கண் மாறின் தப்புவதும் மாறும். வலைக்குப் பின்னே மீனவன் ஒருவன் உளன், இயற்கைத் தேர்வுக்குப் பின்னே அத்தகைய நோக்கமுடையார் எவரையும் டார்வினின் கொள்கை வேண்டுவதில்லை. அவ்வளவில் உவமை நின்றுவிடும்.

தொடர் ஒன்று கட்டாயம் வேண்டுமெனின், ‘இடத்துக்கும் காலத்துக்கும் இயைந்தது பெருகும்’ எனக் கற்பித்தல் பொருந்தும். முன்னைய தொடரினும் இது நீண்டது. மேடைக்கு அத்துணை உவப்பானதும் அன்று. எனினும் இடம், காலம், பெருக்கம் ஆகிய மூன்றையும் அது விடாது கூறுகின்றது. வலிமையையும் மேன்மையையும் பற்றி எதுவும் கூறாது விடுகின்றது. அயலிலுள்ள ஒரு குடும்பத்தின் குருதியைப் பழிப்பதற்கு இத்தொடரை எவரும் துணைக்கு அழைக்க இயலாது.